இருபது நிமிஷத்துக் கை

முதல் தடவை ஹவில்தார் துளசிங்கம் காணாமல் போனபோது அவர் வாயில் பாதிக் கவளம் சோறு இருந்தது, மீதிப் பாதி அவர் பெண்சாதி சம்பூரணத்தின் கையில் இருந்தது, மொச்சைக் குழம்பு அவள் மணிக்கட்டு வரைக்கும் வழிந்திருந்தது. மத்தியானம் இரண்டரை மணி, கோழிகூட நிழலை விட்டு நகராத சித்திரை வெயில். "ஆ காட்டுய்யா" என்று சொல்லிவிட்டு ஈயை விரட்ட ஒரு கணம் தலையைத் திருப்பினாள், மறுபடி பார்த்தால் முக்காலி இருந்தது, அவர் தோளில் கிடந்த துண்டு முக்காலிமேல் கிடந்தது, ஆள் இல்லை. சம்பூரணம் கூச்சல் போடவில்லை. பட்டாளத்துக்காரனைக் கட்டிக்கொண்டவள், புருசன் இருந்த நாளைவிட இல்லாத நாளை அதிகம் பார்த்தவள். கையில் இருந்ததைத் தட்டில் போடவும் மனசு வராமல், தன் வாயில் போட்டுக்கொள்ளவும் மனசு வராமல், ஏந்தின கை ஏந்தினபடியே உட்கார்ந்திருந்தாள். நாலே முக்காலுக்கு வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. துளசிங்கம் நின்றுகொண்டிருந்தார், முழங்கால் வரைக்கும் வெள்ளை வெளேரென்று பனி அப்பியிருந்தது.

"எங்கய்யா போன?"

"தெரியலமே," என்றார் அவர், பல் கிட்டிப்போய். "மலைக்குத்தான் போயிருந்தேன் போல."

அந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வேலூர்ப் பக்கத்தில் கல்லேரிமேடு என்றால் பட்டாளத்து ஊர். வீட்டுக்கு ஒரு ஆம்பிளை பட்டாளத்தில் இருப்பான், இல்லையென்றால் பட்டாளம் முடிந்து கேண்டீன் ரம்மோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பான், அதுவும் இல்லையென்றால் சட்டம் போட்ட போட்டோவாகச் சுவரில் இருப்பான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எல்லையிலிருந்து வந்த ஆம்பிளை, வீட்டுப் பொம்பிளை சொம்பு நிறைய மஞ்சள் தண்ணி கொண்டுவந்து காலில் ஊற்றாமல் நிலைப்படி தாண்டக் கூடாது. எந்த மண்ணை மிதித்தானோ, எவன் ரத்தத்தை மிதித்தானோ, அதெல்லாம் வாசலோடு போகட்டும் என்று. அவன் காலை நீட்டினால் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் வலது கை இல்லாமல் துளசிங்கம் வந்து இறங்கினபோதும் சம்பூரணம் ஊற்றினாள், அவர் காலை நீட்டினார். இன்றைக்கும் ஊற்றினாள். தண்ணீர் பட்டதும் பனி கரைந்து வாசல் கல்லில் ஓடியது. அவர் சட்டையின் வெற்றுக் கையை மடித்துக் காலையில் அவள் குத்தியிருந்த ஊக்கைக் காணோம், சட்டைக் கை தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல ஊக்கைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறாரே என்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

அந்தக் கை வடக்கே பனிமலையில், குண்டு விழுந்த ஒரு பதுங்குகுழியில் போனது. முழங்கைக்கு மேலே ஒரு சாண் மிச்சம். ஆளைத் தூக்கி வந்தவர்கள் கையைத் தேடவில்லை, தேட நேரமும் இல்லை. துளசிங்கம் வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: கால் கழுவுகிற கையால் சோறு தின்ன மாட்டேன். ஸ்பூனில் சாப்பிடேன் நைனா என்று மகள் கோமளா கெஞ்சினாள், ஸ்பூனைப் பிடிக்கிறதும் அந்தக் கைதானே என்றார். பிடிவாதத்தில் அவர் குரங்குப் பிடி. அப்புறம் என்ன, சம்பூரணம் ஊட்டினாள். களியை உருட்டி, சோற்றைப் பிசைந்து, முள் எடுத்து, மூன்று வேளை, பதினொரு வருஷம். எந்தக் கல்யாணத்துக்கும் போய் அவள் ஒரு ராத்திரி தங்கினதில்லை. தாய் செத்த அன்றைக்குக்கூட, பிணத்தை வாசலில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து அவருக்கு ரெண்டு கவளம் ஊட்டிவிட்டுத் திரும்பிப் போய் அழுதவள். அவள் மணிக்கட்டு வீங்கி, தண்ணிக் குடம் தூக்கினால் உயிர் போய் உயிர் வரும். யாரிடமும் சொன்னதில்லை.

இதற்கு ஒரு வருஷம் முன்னால் அவர் சினிமாப் படத்தில் நடிக்க நேர்ந்தது எப்படியென்றால், நிரஞ்சன் என்று மெட்ராஸ்க்காரப் பையன் ஒருத்தன், முப்பது வயசு இருக்கும், நிஜமாகவே கை போன பட்டாளத்துக்காரர் வேண்டும் என்று தேடித் திரிந்து கேண்டீன் வரிசையில் துளசிங்கத்தைப் பிடித்தான். கதை பெரிய கதையில்லை. ஒருத்தன் பட்டாளத்தில் இருக்கிறான், மலையில் குண்டு விழுந்து கை போகிறது, வீட்டுக்கு வருகிறான், கடைசியில் ஒருநாள் இடது கையால் தானே சாப்பிடுகிறான், அவ்வளவுதான். மலைக்குப் பதில் பக்கத்துக் கல்குவாரி, பனிக்குப் பதில் லாரி லாரியாகக் கல்லுப்பு. கை போவதற்கு முந்தின காட்சிகளுக்கு, அது படத்தில் இருபது நிமிஷம் வரும், ரப்பரில் ஒரு கை செய்து கொண்டுவந்து தோளில் மாட்டினார்கள். துளசிங்கம் அதைப் பார்த்து, "இன்னாய்யா, புடலங்காய் மாதிரி இருக்குது" என்று சிரித்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது, கடைசிக் காட்சி வரைக்கும்.

கடைசிக் காட்சியை அவர் வீட்டிலேயே எடுத்தார்கள். பெண்சாதியாக நடித்த பொம்பிளை பழைய சோற்றை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், அவர் இடது கையை எடுத்துச் சோற்றில் வைக்க வேண்டும். மாட்டேன் என்றார். நடிப்புதானே சார் என்றார்கள். சோறு நடிப்பா என்றார். பாதி நாள் போனது, விளக்கெல்லாம் சூடேறிக் கிடந்தது. நிரஞ்சன் கேமரா பக்கத்தில் நின்ற சம்பூரணத்திடம் வந்து, "அம்மா, நீங்க சொன்னா கேப்பார்" என்றான்.

இந்த இடத்தைச் சம்பூரணம் பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குக் காலையில் அவளால் சோற்றுப்பானையை இறக்க முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து இறக்கிவைத்தாள். ஒரு வேளை, ஒரே ஒரு வேளை இந்த மனுசன் தானா தின்னா இன்னா என்று அவள் மனசுக்குள் ஓடியது. அதுதான் அவள் செய்த பாவம் என்றால் அதுதான். துளசிங்கம் தட்டைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்தார், ஊட்ட வரமாட்டாயா என்று. அவள் தலையை ஆட்டினாள். தின்னுய்யா, என்று. அவர் குனிந்து, இடது கையால் சோற்றை அள்ளி வாயில் வைத்து, கண்ணில் தண்ணி கொட்டக் கொட்ட மென்றார். லைட் பிடித்தவன்கூட அழுதான். அன்று சாயங்காலமே அவர் பழையபடி அவள் முன்னால் முக்காலியில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். சினிமா வேற, சோறு வேற என்றார்.

படம் ஒரு வருஷம் கழித்து வந்தது. பாட்டு இல்லாத படம் என்று, மொத்தம் அஞ்சு ஊரில், பகல் காட்சி ஒண்டிதான் கொடுத்தார்கள். வெளியான அன்று இரண்டரை மணிக்குத்தான் அவர் முக்காலியிலிருந்து காணாமல் போனது. இதைக் கண்டுபிடித்தது எதிர்வீட்டு சுபேதார் பச்சையப்பன். ரிட்டயர் ஆகி இருபது வருஷமாகியும் கைக்கடிகாரத்தைக் குளிக்கும்போதுகூடக் கழற்றாத ஆள், மூன்று நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போன நேரம் வந்த நேரம் குறித்துக்கொண்டு, நாலாம் நாள் டவுனுக்குப் போய் தியேட்டர்காரனிடம் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "சம்பூரணம், பயப்படாத. படம் ஓடுறப்ப அவன் அங்க இருக்கான். படம் வுட்டதும் வந்துடறான். ட்யூட்டிதான்."

ட்யூட்டி என்று சொன்னதும் ஊருக்கு விளங்கிவிட்டது. ஆள் இல்லாமல் போவது கல்லேரிமேட்டுக்குப் புதுசா என்ன? யாராவது துளசிங்கத்தைத் தேடி வந்தால் "படம் ஓடுது, நாலே முக்காலுக்கு வா" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அவர் திரும்புகிற நேரத்தை வைத்துப் பொம்பிளைகள் மாடு கறந்தார்கள். காலில் ஒட்டி வருகிற பனியைச் சும்மா விட்டார்களா! சம்பூரணம் தண்ணி ஊற்றுவதற்குள் ஓடிவந்து டம்ளரில் சுரண்டிக்கொண்டு போய், காய்ச்சல் வந்த பிள்ளை நெற்றியில் வைத்தார்கள், மாமனாருக்கு ரம்மில் போட்டுக் கொடுத்தார்கள், ஒருத்தி நன்னாரி சர்பத் போட்டுப் பார்த்தாள். கல்குவாரியில் கொட்டினது உப்பு, இவர் காலில் வருவது நெசமான பனியாச்சே என்று கேட்டவள் சம்பூரணம் ஒருத்திதான். துளசிங்கம் வந்ததும் ஒரு மணி நேரம் சட்டையின் தொங்கும் கையை இடது கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் தினமும் காலையில் ஊக்குக் குத்துவாள், தினமும் ஊக்கில்லாமல் வருவார். "ஊக்கு மரத்துலயா காய்க்குது?" என்று திட்டிக்கொண்டே சந்தையில் அட்டை அட்டையாக வாங்கிவைத்தாள்.

அப்புறம் படத்துக்குப் பேர் வந்துவிட்டது. பேர் வந்ததுதான் வினை. டில்லியில் அந்த வருஷத்தின் சிறந்த நடிகர் என்று பதக்கம் கொடுத்தார்கள், இடது கையால் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கடைசிப் பார்வையைப் பற்றி பேப்பர்க்காரர்கள் பத்தி பத்தியாக எழுதினார்கள். யுத்தம் மனித குலத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி என்று ஒருத்தர், கடவுளைப் பார்த்த பார்வை என்று இன்னொருத்தர். மகள் படித்துக் காட்டக் காட்டச் சம்பூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது என்னைப் பார்த்ததுடீ என்று யாரிடம் போய்ச் சொல்ல?

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா, பாராட்டு விழா வைத்தார்கள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி, ஆளுயர மாலை, மேடையில் நடு நாற்காலியில் துளசிங்கம், பக்கத்தில் எங்கிருந்தோ வந்த பெரிய அதிகாரி. விழா தொடங்கும் முன்னால் மரியாதையாக இருக்கட்டும் என்று வெள்ளை வேட்டி கட்டித் திரை செய்து படத்தைப் போட்டுவிட்டார்கள்! அட, தினமும் நேரம் குறித்தவர்கள், மாடு கறந்தவர்கள், அத்தனை பேருக்கும் அந்த நிமிஷம் புத்தி புல் மேயப் போய்விட்டது. விளக்கை அணைத்தார்கள், படம் ஓடியது, மாலை மட்டும் நாற்காலியில் சரிந்து கிடந்தது. அதிகாரி வெறும் நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, அவசரம் என்று போய்விட்டார். ஊர் எழுந்து நின்று கை தட்டியது. சம்பூரணம் மேடை ஏறினாள்.

"அறிவுகெட்டவங்களா! அந்த ஆளுக்கு மால போடணும்னு கூப்ட்டு, அந்த ஆள எதுக்கு அனுப்சீங்க? உங்க கையத் தட்டுறதுக்கு அவர் கைய மறுக்காப் போக வைக்கணுமா?"

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஆனாலும் படம் முடிகிற வரைக்கும் யாரும் எழுந்து போகவில்லை, ஏனென்றால் கடைசிக் காட்சி இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகு நேரம் கெட்டுப்போனது. டவுன் தியேட்டரில் படத்தை எடுத்துவிட்டார்கள், ஆனால் எந்தெந்த ஊரிலோ, கடல் தாண்டின தேசங்களிலோ, விழா விழாவாகப் போட்டார்கள். இங்கே விடிகிறபோது அங்கே மாலைக் காட்சி. கோமளா கல்யாணத்தில், தாரை வார்க்கிற நேரம், சொம்புத் தண்ணியை இடது கையில் பிடித்தபடி மணையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே இல்லாமல் போனார், சொம்பு உருண்டு மாப்பிள்ளை மடியை நனைத்தது. எந்த தேசத்துக்காரன் அந்த நேரத்தில் டிக்கெட் வாங்கினானோ! சம்பூரணம் ஒரு கையால் சொம்பைப் பிடித்து மகளை ஒண்டியாகத் தாரை வார்த்தாள். அப்புறம் டி.வி. வந்தது, சுதந்திர தினம் குடியரசு தினம் தவறாமல் போட்டார்கள். அப்புறம் படம் போனுக்குள் வந்தது. அதோடு எல்லாம் முடிந்தது. எவனாவது ஒருத்தன் எங்கேயாவது பஸ்ஸில் போகும்போது, கக்கூஸில் உட்கார்ந்திருக்கும்போது, தூக்கம் வராமல் புரளும்போது பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தன் முடிப்பதற்குள் இன்னொருத்தன் தொடங்கினான். துளசிங்கம் வாசலுக்கு வருவார், அவள் சொம்பை எடுக்க உள்ளே ஓடுவாள், வெளியே வருவதற்குள் வாசலில் ஈரக் காலடி ரெண்டு மட்டும் இருக்கும்.

ஊர் ஊராகத்தான் இருந்தது, குறை சொல்லக் கூடாது. பச்சையப்பன் முன்னால் நின்று, கூத்தாண்டவர் கோயிலில் கற்பூரம் அடித்து, கல்லேரிமேட்டுக்காரன் எவனும் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை என்று சத்தியம் பண்ணினார்கள், பண்ணினபடி நின்றார்கள். ஆனால் உலகம் கல்லேரிமேடு அளவா இருக்கிறது? கடிதம் வந்துகொண்டே இருந்தது. "அம்மா, உங்கள் கணவர் நடிப்பைப் பதினேழு முறை பார்த்தேன், பதினேழு முறையும் அழுதேன்" என்று எங்கோ ஒரு வாத்தியார் எழுதியிருந்தார். "பாவி, பதினேழு வேளைச் சோறுடா அது" என்று சம்பூரணம் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டாள். நவம்பர் மாசம் பென்சன்காரர் உயிரோடிருப்பதை பேங்கில் நேரில் காட்ட வேண்டும். அவள் மட்டும் போய் நின்றாள். அதிகாரி கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். "இப்பத்தாம்மா, சாப்பாட்டு நேரத்துல பாத்தேன். என்ன மனுஷர்மா! கூட்டிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார். "நீ பாத்ததாலதான்யா அவரு வரல" என்றாள் அவள். அவர் புரியாமல் சிரித்தார்.

அவள் மெட்ராஸுக்குப் போனாள், தனியாக, முதல் தடவையாக. நிரஞ்சன் தலை நரைத்து, பெரிய ஆளாகி, கண்ணாடி வைத்த ஆபீஸில் இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து காலைத் தொட்டான்.

"தம்பி, அதக் கொளுத்திடு. உன் கால்ல வேணும்னாலும் வுழறேன்."

"ரீலா இருந்தா கொளுத்தியிருப்பேம்மா. இப்ப அது எங்க எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது." அவன் மேசைமேல் இருந்த காப்பியை அவள் பக்கம் நகர்த்தினான். "அவர் அங்க கஷ்டப்படறாராம்மா?"

"தெனம் பத்து தடவ அவருக்குக் கை போவுது. கஷ்டமான்னு கேக்கிறியே."

அவன் அழுதான். நல்ல பையன்தான். அழுது என்ன பிரயோசனம்? அவள் காப்பி குடிக்காமல் பஸ் ஏறினாள். வழியெல்லாம், அன்றைக்கு மட்டும் தலையை ஆட்டாமல் இருந்திருந்தால், மணிக்கட்டு உடைந்தாலும் சரியென்று போய் ஊட்டியிருந்தால், என்று அதே நினைப்பு.

ஆனால் உலகம் எதையும் ரொம்ப நாள் பார்ப்பதில்லை. வேறு படங்கள் வந்தன, வேறு சண்டைகள் வந்தன, வேறு கை கால் போனவர்கள் வந்தார்கள். துளசிங்கம் வாசலில் நிற்கிற நேரம் கூடியது. முதலில் கால் கழுவுகிற அளவு, அப்புறம் அரை மணி, அப்புறம் அரை நாள். ஒரு ஆடி மாசம், மழைக்கு முந்தின காற்று அடிக்கிற ஒரு காலையில் வந்தவர், சாயங்காலமும் இருந்தார், மறுநாளும் இருந்தார். ஊர் கூடிவிட்டது. பச்சையப்பன் கடிகாரத்தைக் கழற்றி முதல் தடவையாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சம்பூரணம் மொச்சைக் குழம்பு வைத்து, சோற்றைப் பிசைந்து, பத்து வருஷமாக யாருக்கும் ஊட்டாத கையால் கவளம் உருட்டி, "ஆ காட்டுய்யா" என்றாள்.

"பசிக்கலமே," என்றார்.

மறுநாளும் பசிக்கவில்லை. அதற்கு மறுநாள் அவள் அழுத பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து இடது கையால் ரெண்டு வாய் தின்றார், கண்ணில் தண்ணி இல்லை, ருசியும் இல்லை, கோணியில் நெல் அள்ளிப் போடுவது போலப் போட்டுக்கொண்டார். அவள் கை காற்றில் நின்றது. நாற்பது நாள் இப்படி. பகலெல்லாம் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். தெருவில் யாராவது போனை எடுத்தால் சட்டென்று நிமிர்வார். பிறகு தோள் தளர்ந்துவிடும். பேத்தி வந்தாள், அவளோடுகூடப் பேசவில்லை. சம்பூரணம் ஏதாவது கேட்டால், கேள்வி தப்பு என்பது போல அவளைப் பார்ப்பார்; படத்தில் அந்தப் பொம்பிளை கேட்காத கேள்வியெல்லாம் இவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் காலையில் அவள் சட்டைக் கையை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"குத்தாதமே."

"ஏன்யா?"

"யாரும் பாக்கறதில்ல போல. நீ ஒரு தடவ போடேன்."

அவள் ஊக்கைக் கீழே போட்டுவிட்டாள். "இன்னாய்யா பேசற? மறுபடியும் அந்தக் குழிக்கா? உனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா?"

அவர் குனிந்து ஊக்கை எடுத்து அவள் கையில் வைத்தார். பிறகு, சின்னப் பிள்ளை திருடினதை ஒத்துக்கொள்கிற மாதிரி, தரையைப் பார்த்துச் சொன்னார்: "அங்க மொத இருபது நிமிசம் கை இருக்குதுமே."

"ரப்பரு கை."

"இல்ல. என் கை. நகத்துல அந்தக் கறுப்புத் தழும்பு கூட இருக்குது. அதுல டீ கிளாசு பிடிக்கிறேன். சூடு தெரியுது. மெஸ்ஸுல சப்பாத்தி பிச்சுத் தின்றேன். அங்கதான் பசிக்குது சம்பூரணம். அப்புறம் குண்டு வுழுது, போவுது. போவட்டும். மறுபடி எவனாவது போடுவான், மறுபடி இருபது நிமிசம்."

இத்தனை வருஷம் தொலைந்த ஊக்கெல்லாம் ஏன் தொலைந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சட்டைக் கைக்குள் கை வந்தால் ஊக்கு என்ன செய்யும், தெறித்துத்தான் போகும்! தினமும் அவரைக் கொல்கிறார்கள் கொல்கிறார்கள் என்று அவள் ஊரெல்லாம் ஏசிக்கொண்டு திரிந்தாள். அவர் அங்கே சாவதற்கு வரிசையில் நின்றிருக்கிறார். ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், மகள் விட்டுப்போயிருந்த போனை எடுத்தாள், சுவரில் சாய்த்துவைத்தாள். கோயிலில் பண்ணின சத்தியம் ஞாபகம் வந்தது, சாமி என்னைப் பார்த்துக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் முகத்தில் பத்து வருஷத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அமுக்கினாள். முக்காலி காலியானது.

அவள் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இருபது நிமிஷம் அவர் ரெண்டு கையாலும் சிரித்துப் பேசினார், சப்பாத்தியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார், விரலை நக்கினார். அவள் கட்டிக்கொண்ட ஆள் அவர்தான், அடையாளம் தெரிந்தது. குண்டு விழுந்தபோது முந்தானையைக் கடித்துக்கொண்டாள். கடைசிக் காட்சி வருகிறது என்றதும் எழுந்து, சட்டியிலிருந்து சோறும் குழம்பும் எடுத்துப் பிசைந்து, நல்லதாக ஒரு கவளம் உருட்டிக்கொண்டு வந்து, அன்றைக்குக் கேமரா பக்கத்தில் நின்ற அதே பக்கமாக, போனுக்கு முன்னால் நின்றாள். படத்தில் துளசிங்கம் தட்டைப் பார்த்தார். நிமிர்ந்தார். நேராக அவளைப் பார்த்தார், ஊட்ட வரமாட்டாயா என்று.

"வேணாய்யா," என்றாள் சம்பூரணம், கவளத்தை நீட்டி, தலையைப் பலமாக ஆட்டி. "வேணாம், நான் இருக்கறேன், ஆ காட்டு. ஆ காட்டுய்யா."

அவர் அவளைப் பார்த்துவிட்டு, குனிந்து, இடது கையால் சோற்றை அள்ளினார்.

படம் முடிந்ததும் வாசலில் சத்தம் கேட்டது. அவள் கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். துளசிங்கம் நிலைப்படிக்கு வெளியே நின்றார், முழங்கால் வரை பனி, சட்டைக் கை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சொம்பைச் சாய்த்தாள். அவர் காலை நீட்டவில்லை. அவள் தோளுக்கு மேலாக, சுவரில் சாய்ந்திருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி உருகி அவர் காலடியில் தேங்கியது. சம்பூரணம் சொம்பைத் தரையில் வைத்தாள், உள்ளே போனாள், உருட்டிவைத்த கவளத்தைத் தன் வாயிலேயே போட்டு மென்றுகொண்டு, எச்சில் கையாலேயே மறுபடியும் அமுக்கினாள்.